ஆரம்பம் முதலே அப்படித்தான்!

சில வாரங்களுக்கு முன் ஒரு பிற்பகல், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நம்மிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றான். "ஸார், சைக்கிள் கொட்டகையின் இரும்புக் கால் ஒன்று வளைந்திருக்கிறது" என்றான். நாம் அப்போது பரீட்சைத் தாள்களில் மூழ்கியிருந்தோம். தலையை நிமிர்த்தாமலே, "அது ஆரம்பம் முதலே அப்படித்தான், அப்பா! நீ போய்ப் பாடத்தைப் பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து அதே பையன் மறுபடியும் வந்தான். இம்முறை அவன் கையில் ஒரு சணல் கயிறு இருந்தது. "ஸார், திங்கட்கிழமை அந்தக் காலின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் கயிறு கட்டிப் பார்த்தேன். நடுவில் கயிற்றுக்கும் இரும்புக்கும் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. இன்றைக்கு இரண்டு விரற்கடை இருக்கிறது" என்றான்.

நாம் எழுந்தோம். போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கிற்று. கொட்டகையின் தகரக் கூரைமேல் உடைந்த பெஞ்சிகளை நாளுக்கு நாலாக ஏற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அது மட்டுமன்று, கால்களை நடு உயரத்தில் ஒன்றோடொன்று பிணைத்திருந்த குறுக்கு ஆங்கிள், சைக்கிள் விடுவதற்கு இடைஞ்சலாயிருக்கிறதென்று யாரோ புண்ணியவான் அறுத்து எடுத்துவிட்டிருந்தார். பெஞ்சிகளை இறக்கச் செய்து, சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, மறுநாள் வெல்டிங் ஆளை அழைத்து வந்து சரி செய்தோம். ஒருவருக்கும் ஒரு கீறலுமில்லை. ஆனால் அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், நாம் அலட்சியமாகச் சொன்ன அந்த வார்த்தை, 1907-ம் ஆண்டில், கடல் கடந்த ஒரு தேசத்தில், உலகத்திலேயே பெரிதாகக் கட்டப்பட்டு வந்த ஒரு பாலத்தைப் பற்றியும் சொல்லப்பட்ட வார்த்தை. அதன் விலை எழுபத்தைந்து உயிர்கள்.

அந்தக் கதையைச் சொல்லுமுன், இரும்பின் சுபாவத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது அவசியம்.

ஈர்க்குச் சொல்லும் பாடம்

வீட்டுத் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொள்ளுங்கள். (வீட்டு அம்மாளின் அநுமதி பெற்றுச் செய்வது உத்தமம், பெறாமல் செய்து பட்ட அநுபவம் நமக்குண்டு.) அதன் இரு முனைகளையும் பிடித்து நேராக இழுத்துப் பாருங்கள். பலங்கொண்ட மட்டும் இழுத்தாலும் எளிதில் அறுவதில்லை. இப்போது ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையை விரலால் மெதுவாக அழுத்துங்கள். ஒரு கணத்தில் அது வில்லைப்போல் வளைந்து விலகிக்கொள்ளும். அதே ஈர்க்கைப் பாதியாக முறித்துவிட்டு அழுத்தினால், முன்னைவிட எவ்வளவோ அதிகமாகத் தாங்குகிறது.

பாலமாகட்டும், தொழிற்சாலைக் கூரையாகட்டும், மின்சாரக் கோபுரமாகட்டும், உருக்குக் கட்டுமானத்தில் உள்ள உறுப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். சில இழுக்கப்படுகின்றன, சில நெருக்கப்படுகின்றன. ஊஞ்சல் சங்கிலி இழுவை உறுப்பு. பந்தற்கால் அழுத்த உறுப்பு. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரியான இரும்புதான். ஆனால் அவற்றைத் திட்டமிடும் இஞ்சினீயர் இரண்டையும் வெவ்வேறு கண்கொண்டு பார்க்கவேண்டும்.

வீடு கட்டுமிடங்களில் 'பத்து எம்.எம். கம்பி' என்று சொல்கிறார்களே, அந்தப் பருமனுள்ள சாதாரண மெல்லுருக்குக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்கு வெட்டுப் பரப்பு சுமார் 78½ சதுர மில்லிமீட்டர். இந்த உருக்கு, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 25 கிலோ வரை இழுப்பைத் தாங்கி, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே அந்தக் கம்பி ஏறக்குறைய இரண்டு டன் பாரத்தைத் தொங்கவிட்டாலும் தாங்கும். கம்பி ஒரு மீட்டர் நீளமா, பத்து மீட்டர் நீளமா என்பதைப் பற்றி இழுவைக்குக் கவலையில்லை.

அதே கம்பியை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, இரு முனைகளும் தாராளமாகத் திரும்பக்கூடியபடி நிறுத்தி, மேலே பாரம் வைப்போம். எவ்வளவு தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 100 கிலோ! இரண்டு மீட்டர் நீளமானால் 25 கிலோதான். அரை மீட்டராகக் குறைத்தால் 400 கிலோ. நீளம் இரட்டித்தால் பலம் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. கம்பி நசுங்குவதில்லை, உடைவதுமில்லை, பக்கவாட்டில் வளைந்து கொடுத்துவிடுகிறது. இந்தச் சூத்திரத்தை 1744-ம் ஆண்டிலேயே கண்டு வெளியிட்டவர் ஸ்விட்ஸர்லாந்து தேசத்துக் கணித மேதை ஆய்லர்.

நம் கொட்டகைக் காலுக்கு நேர்ந்த கதி இப்போது விளங்கும். நடுவிலிருந்த குறுக்கு ஆங்கிள் எந்தப் பாரத்தையும் சுமக்கவில்லை என்று அதை அறுத்தவர் நினைத்திருப்பார். மெய்தான், அது சுமக்கவில்லை. ஆனால் காலை நடுவில் பிடித்துக்கொண்டு, அதன் நீளத்தைப் பாதியாக்கி வைத்திருந்தது. அதை எடுத்தவுடன், இரும்பு ஒரு குன்றிமணி எடைகூடக் குறையாமலே, அந்தப் பக்கத்தில் காலின் பலம் ஏறக்குறைய நாலில் ஒன்றாய்விட்டது.

துவாரமும் துருவும்

இழுவை உறுப்பைத் திட்டமிடுவது சுலபம்போல் தோன்றும். பாரத்தை இரும்பின் தாங்கு சக்தியால் வகுத்தால் வேண்டிய பரப்பு கிடைத்துவிடும். ஆனால் உறுப்பை மற்றோர் உறுப்புடன் சேர்க்கவேண்டுமே! அதற்கு போல்ட்டு வேண்டும். போல்ட்டுக்குத் துவாரம் வேண்டும். 75 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டையில் 18 மில்லிமீட்டர் துவாரம் ஒன்று போட்டால், அந்த இடத்தில் ஏறக்குறைய கால் பங்கு இரும்பு போயிற்று. மற்ற இடமெல்லாம் எவ்வளவு உறுதியாயிருந்தும் பயனில்லை. மேலும், ஆங்கிளின் ஒரு சிறகை மட்டும் போல்ட்டினால் பிணைத்தால், மறு சிறகுக்குப் பாரம் முழுதும் போய்ச் சேருவதில்லை. அதற்கும் ஒரு கழிவு உண்டு. சுருங்கச் சொன்னால், இழுக்கப்படும் உறுப்பின் பலம் அதன் மிக மெலிந்த இடத்தின் பலமே.

அமெரிக்காவில் ஒஹையோ நதியின்மீது, பாயிண்ட் பிளெஸன்ட் என்ற ஊரருகே 1928-ல் ஒரு தொங்கு பாலம் கட்டினார்கள். ஸில்வர் பிரிட்ஜ் என்று பெயர். கம்பி வடங்களுக்குப் பதிலாக, இரு முனைகளிலும் கண் வைத்த உருக்குப் பட்டைகளைச் சங்கிலிபோல் கோத்து, அதில் பாலத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு பட்டைகள் மட்டுமே. நாற்பது வருஷம் அந்தப் பாலம் உழைத்தது. 1967 டிஸம்பர் 15-ந் தேதி மாலை, வண்டிகள் நெருங்கி நின்ற வேளையில், ஒரு பட்டையின் கண்ணோரத்தில் துருவினால் உண்டான ஒரு விரிசலிலிருந்து பட்டை பிளந்தது. துணைப் பட்டை தனியே நிற்க முடியவில்லை. பாலம் முழுவதும் நதியில் வீழ்ந்தது. நாற்பத்தாறு பேர் மாண்டார்கள். அந்த விரிசலின் ஆழம் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. கணுவைப் பிரித்தாலொழிய யார் கண்ணுக்கும் அது தெரிந்திராது.

நம் தேசத்துக்கு இது சம்பந்தமில்லாத சேதி என்று எண்ணவேண்டாம். கல்கத்தாவில் ஹூக்ளி நதியின்மீது 1943-ல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தில் 26,500 டன் உருக்கு இருக்கிறது. அதில் 23,000 டன், யுத்த காலத்தின் அத்தனை நெருக்கடிக்கு நடுவிலும், ஜாம்ஷெட்பூரில் டாட்டா உருக்காலையில் வார்க்கப்பட்டது. இதை நினைத்துப் பெருமைப்படுவதில் தவறில்லை. அந்தப் பாலத்தின் சாலை, மேலேயுள்ள சட்டங்களிலிருந்து முப்பத்தொன்பது ஜோடித் தொங்கு உறுப்புகளால் தாங்கப்படுகிறது. அத்தனையும் இழுவை உறுப்புகள். அவற்றின் அடிப்பாகத்தில் தண்ணீர் இறங்காதிருக்க உருக்கு உறைகள் போட்டிருக்கிறார்கள். 2011-ல் துறைமுக அதிகாரிகள் பரிசோதித்தபோது, 6 மில்லிமீட்டர் கனமாயிருந்த அந்த உறைகள் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தன. காரணம் புயலுமல்ல, பூகம்பமுமல்ல. போகிறவர் வருகிறவரெல்லாம் துப்பிய வெற்றிலை எச்சில்! சுண்ணாம்பும் பாக்கும் கலந்த அந்தச் சாறு இரும்பை அரித்துவிட்டது. பிறகு கண்ணாடி நார்ப் பலகையால் மூடிப் பாதுகாக்கவேண்டியதாயிற்று. ஜாம்ஷெட்பூர் கொடுத்ததைத் தாம்பூலம் தின்றுவிடலாமா?

மூங்கிலும் விறகுக் கட்டும்

அழுத்த உறுப்பின் சங்கதி வேறு. இங்கே இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முன்சொன்ன பத்து எம்.எம். கம்பியை உருக்கி, அதே எடை, அதே நீளமுள்ள ஒரு குழாயாக்குவோம். வெளி விட்டம் 26 மில்லிமீட்டர், தகட்டின் கனம் 1 மில்லிமீட்டர் என்றால் இரும்பின் பரப்பு சற்றும் மாறுவதில்லை. ஆனால் ஒரு மீட்டர் உயரத்தில் 100 கிலோ தாங்கிய அதே இரும்பு, குழாயானபின், கணக்குப்படி 1,200 கிலோவுக்கு மேல் தாங்கும்! நடுவிலிருந்து விலகி நிற்கும் இரும்புதான் வளைவை எதிர்க்கிறது. மூங்கில் ஏன் உள்ளே வெறுமையாயிருக்கிறது என்பதற்கு இயற்கை சொல்லும் காரணம் இதுவே. இந்த எண்கள் அணுவளவும் கோணலில்லாத உறுப்புக்குப் பொருந்துபவை. உலகத்தில் அப்படி ஒன்று கிடையாதாகையால், இஞ்சினீயர்கள் இதிலும் கணிசமாகக் குறைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள்.

பெரிய பாலங்களின் அழுத்த உறுப்புகளுக்கு அவ்வளவு பெரிய குழாய் கிடைக்காது. ஆகவே பல தகடுகளை ஒன்றுக்கொன்று விலக்கி நிறுத்தி, இடையே சாய்வான சிறு பட்டைகளை ஜடை பின்னினாற்போல் அடித்து ஒன்றாக்குவார்கள். தனித்தனிச் சுள்ளியை ஒடித்துவிடலாம், கட்டாகக் கட்டினால் ஒடிக்க முடியாது என்று கிழவர் தம் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கட்டிய கயிறு எப்படிப்பட்டது? கயிறு இற்றுப்போயிருந்தால் அது கட்டு அல்ல. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சுள்ளிகள்தான்.

க்விபெக் பாலம்

கானடா தேசத்தில் ஸெயிண்ட் லாரன்ஸ் என்ற மாநதி ஓடுகிறது. க்விபெக் நகரத்தருகே அதன்மீது ஒரு ரெயில் பாலம் போடத் தீர்மானித்தார்கள். இரு கரைகளிலிருந்தும் இரண்டு ராட்சஸக் கைகள் நீண்டு நடுவில் சந்திப்பதுபோன்ற அமைப்பு. ஆலோசகராக அமர்ந்தவர் தியோடர் கூப்பர். அமெரிக்காவிலேயே பாலம் கட்டுவதில் மிகப் பிரசித்தி பெற்றவர். முதலில் 1,600 அடியாயிருந்த நடு இடைவெளியை அவர் 1,800 அடியாக நீட்டினார். அதனால் ஸ்காட்லாந்திலுள்ள போர்த் பாலத்தின் 1,710 அடியையும் மிஞ்சிவிடும்.

இடைவெளி நீண்டால் பாலத்தின் சொந்த எடையும் ஏறும். ஆனால் பழைய எடையை வைத்துக்கொண்டே உறுப்புகளின் கணக்கைப் போட்டுவிட்டார்கள். உண்மையான எடை தெரிய வந்தபோது பாதி உருக்குத் தயாராகிவிட்டது. ஏற்கெனவே வழக்கத்துக்கு மிஞ்சிய பாரத்தை இரும்பின்மேல் அநுமதித்திருந்த கூப்பர், இதையும் பொறுக்கலாம் என்று விட்டுவிட்டார். கானடா சர்க்கார் இஞ்சினீயர் ஒருவர் திட்டத்தை மறுமுறை பரிசீலிக்கலாமென்று சொன்னபோது, அதையும் அவர் விரும்பவில்லை. வயோதிகத்தாலும் நோயாலும் அவர் நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார். பாலத்தருகே அவருடைய கண்ணாயிருந்தவர் நார்மன் மக்லூர் என்ற இளைஞர்.

1907-ம் வருஷக் கோடைகாலத்தில், நதிக்கு மேலே கை நீளநீள, அடிப்புறத்து அழுத்த உறுப்புகள் சில இலேசாக வளைந்திருப்பதை மக்லூர் கண்டு எழுதினார். கடிதங்கள் போயின, வந்தன. உறுப்புகளைச் செய்த கம்பெனியாரின் பதில் என்ன தெரியுமா? அவை பட்டறையை விட்டு வரும்போதே வளைந்திருக்கவேண்டும் என்பதுதான். அதாவது, ஆரம்பம் முதலே அப்படித்தான்!

ஆகஸ்டு 27-ந் தேதி மக்லூர் மறுபடியும் அளந்தார். ஏ-9-எல் என்று அடையாளமிட்ட உறுப்பு, முன்பு முக்கால் அங்குலம் வளைந்திருந்தது, இப்போது இரண்டேகால் அங்குலம் வளைந்திருந்தது. பட்டறைக் கோணலாயிருந்தால் அது வளருமா? மக்லூர் ரெயிலேறி நியூயார்க்குக்கு விரைந்தார். 29-ந் தேதி நண்பகலில் கூப்பரிடம் நேரில் சொன்னார். கூப்பர் அபாயத்தை உடனே உணர்ந்துகொண்டார். இனிப் பாலத்தின்மேல் பாரம் ஏற்றவேண்டாம் என்று தந்தியடித்தார். ஆனால் தந்தி க்விபெக்குக்குப் போகவில்லை. பென்ஸில்வேனியாவிலிருந்த கம்பெனிக்குப் போயிற்று. அங்கே இருந்தவர்கள் கூடிப் பேசி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள்.

அன்று மாலை சுமார் ஐந்தரை மணி. வேலை முடியும் தறுவாய். அழுத்த உறுப்பு நெளிந்தது; பின்னல் பட்டைகளின் ஆணிகள் அறுந்தன; கால் நிமிஷத்துக்குள், அதுவரை எழும்பியிருந்த தெற்குப் பாதி முழுதும் நதிக்கரையில் குவியலாய்க் கிடந்தது. மேலே இருந்த எண்பத்தாறு பேரில் பதினொருவரே பிழைத்தார்கள். மாண்டவர்களில் முப்பத்துமூவர், காநவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் குலத்தவர். உயரத்தில் அஞ்சாமல் நடந்து இரும்பு வேலை செய்வதில் பேர் பெற்றவர்கள். ஓர் ஊரில் ஒரே நாளில் அத்தனை அழுகுரல்! அதற்குப் பிறகு, ஊரின் ஆண்களெல்லாம் ஒரே பாலத்தில் வேலைக்குப் போகக்கூடாதென்று அவ்வூர்ப் பெண்மணிகள் கட்டுப்பாடு செய்ததாகச் சொல்வார்கள்.

விசாரணைக் கமிஷன் 1908-ல் அறிக்கை கொடுத்தது. ஏ-9-எல் ஒன்றும் ஈர்க்கு அன்று. ஏறக்குறைய 57 அடி நீளமும் நாலரை அடி உயரமும் கொண்ட பூதாகாரமான உறுப்பு. நாலு கனத்த தகட்டுச் சுவர்கள் சேர்ந்தது. நாலும் ஒன்றாக நின்றிருந்தால் வளைந்தே இராது. அவற்றைப் பிணைத்த பின்னல்தான் மிகவும் மெலிந்திருந்தது. உறுப்பு துளி வளைந்ததும் தகடுகள் ஒன்றையொன்று விட்டுச் சறுக்கப் பார்த்தன. பின்னலால் தடுக்க முடியவில்லை. அறுந்த கணத்தில் கட்டு சுள்ளிகளாயிற்று. சிக்கனத்தாலோ கடமை தவறியதாலோ அல்ல, திட்டமிட்ட பெரியவர்களின் மதிப்பீட்டுப் பிழையால் நேர்ந்தது என்று கமிஷன் முடிவு செய்தது.

பாலத்தைத் திரும்பவும், முன்னைவிட மிகவும் கனமான உறுப்புகளுடன், கட்டினார்கள். 1916-ல் நடுப்பாகத்தைத் தூக்கும்போது அது நழுவி வீழ்ந்து பதின்மூவர் மாண்டனர். 1917-ல் ஒருவழியாக முடிந்தது. அவ்வகைப் பாலங்களில் உலகத்திலேயே நீளமான இடைவெளி இன்றும் அதனுடையதே.

இன்று நம் நாட்டு இஞ்சினீயர்கள் கையாளும் 2007-ம் ஆண்டின் இந்தியத் தர விதி, ஐ.எஸ். 800, இந்தப் பாடங்களையெல்லாம் எண்களாக்கி வைத்திருக்கிறது. உறுப்பின் நீளத்தை அதன் மெலிவோடு ஒப்பிடும் விகிதம் ஒன்று உண்டு. எப்போதும் இழுக்கப்படும் உறுப்புக்கு அது 400 வரை போகலாம். கட்டிடத்தின் நிலையான பாரத்தை அழுத்தமாகத் தாங்கும் உறுப்புக்கு 180-ஐத் தாண்டக்கூடாது. பின்னல் பட்டைகள் 40 முதல் 70 பாகைச் சாய்வில் இருக்கவேண்டும். உறுப்பு சுமக்கும் பாரத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பக்கவாட்டில் வந்து தாக்குவதாகப் பாவித்து அவற்றைத் திட்டமிடவேண்டும். படிக்கும் மாணவர்களுக்கு இவை வறண்ட எண்கள். ஆனால் இப்படிப்பட்ட விதிகளுக்குப் பின்னால் க்விபெக் போன்ற துயரங்கள் நிற்கின்றன.

எண்களால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. மக்லூர் அளந்தார், சொன்னார், ஓடினார். இரும்பும் தன்னால் இயன்றவரை, பல நாள், அங்குலம் அங்குலமாக எச்சரித்தது. அழுத்த உறுப்பு பெரும்பாலும் அவ்வளவு தயவு காட்டுவதில்லை. கேட்க வேண்டியவர்கள்தாம், கோணல் எப்போது வந்தது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். நேயர்களின் வீட்டிலோ பள்ளியிலோ தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் கால், மாடிக் கொட்டகையின் கால் எதுவானாலும், குறுக்குச் சட்டத்தை அறுக்குமுன் தெரிந்தவரைக் கேளுங்கள். துருவின்மேல் வர்ணம் பூசி மறைக்காதீர்கள். கோணல் தென்பட்டால், ஒரு முழம் கயிறும் ஓர் அளவுகோலும் போதும். இன்றைக்கும் அளந்து, நாளைக்கும் அளந்து பாருங்கள். வளர்ந்திருந்தால் பாரத்தை இறக்கிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

நம் எட்டாம் வகுப்புப் பையன் இப்போது கயிறும் கையுமாகவே திரிகிறான். நேற்று வந்து, வகுப்பில் நாம் உட்காரும் நாற்காலியின் பின்னங்கால் ஒன்று கோணியிருப்பதாகச் சொன்னான். "அது ஆரம்பம்..." என்று வாயெடுத்தோம். அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்லை விழுங்கிவிட்டு, முதலில் எழுந்து நின்றோம்.